பெட்டிக் காசு

கடந்த சில ஆண்டுகளாக நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "அம்மாவோட கார்டை நிறுத்திடலாமா?" மெடிக்கல் கார்டு என்று நாம் சொல்லும் மருத்துவக் காப்புறுதியின் கட்டணம் வயதானவர்களுக்கு ஏறிக்கொண்டே போகிறது. கட்டண உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும் என்று 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அறிவிக்கும் அளவுக்கு அது பொதுப் பிரச்சினை ஆனது. பிள்ளைகள் கூடி உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். கட்டுவதா நிறுத்துவதா என்று பேசி முடிக்கிறார்கள். கையெழுத்து மட்டும்தான் பெரியவருடையது.

நான் எழுதப்போவது மெடிக்கல் கார்டைப் பற்றி அல்ல. அதைவிடப் பழைய, சின்ன ஆயுள் காப்புறுதி ஒன்றைப் பற்றி. ஆனால் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான். ஒருவர் தனக்காக எடுத்துவைத்த ஒன்றை, அவர் சார்பில் நாம் ரத்து செய்யலாமா? அவருடைய நன்மைக்காக என்ற காரணம் அதற்குப் போதுமா?

என் அத்தைக்கு அந்த பாலிசி 1993இல் எடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு 46 வயது, பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். காப்புத்தொகை 10,000 ரிங்கிட். மாதம் 43 ரிங்கிட். சம்பள நாளன்று மோட்டார் சைக்கிளில் லயத்துக்கே வந்து முகவர் வசூலித்துக்கொண்டு போவார். தோட்டம் கைமாறி, ஆட்கள் டவுனுக்குப் போன பிறகும் அத்தை தேடிப்போய்க் கட்டினார். 2024 வரை 31 ஆண்டுகள். கூட்டினால் ஏறக்குறைய 16,000 ரிங்கிட். 10,000 ரிங்கிட்டுக்காக 16,000!

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது அவர் சுங்கை சிப்புட்டில் என் அக்காவோடு இருக்கிறார். மறதி நோய் தொடங்கி மூன்றாண்டுகள். காலையில் தெளிவாக இருப்பார். பொழுது சாயச் சாய என்னை என் அப்பா என்று நினைத்துக்கொள்வார். ஈபிஎஃப் பணம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பெம்பர்ஸ், பால்மாவு, கிளினிக் போய்வரும் வண்டிக்கூலி எல்லாம் சேர்ந்து மாதம் 400 ரிங்கிட்டுக்குக் குறையாது. அக்கா அத்தைக்காகத் தையல் வேலையை விட்டுவிட்டார். நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். மாதம் கொஞ்சம் பணம் அனுப்புகிறேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

பாலிசியை சரண்டர் செய்யலாம் என்று சொன்னது அக்காதான். செய்தால் கையில் 5,800 ரிங்கிட் கிடைக்கும். மாதாமாதம் 43 ரிங்கிட்டும் மிச்சம். முகவரிடம் விசாரித்தபோது சுலபமாகச் சொன்னார்: "கையெழுத்துப் போட முடியலன்னா பெருவிரல் வச்சா போதும் சார். பிரச்சினை ஒன்னும் இல்ல."

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றியது.

அத்தையிடம் பெருவிரல் ரேகை வாங்குவது மிகச் சுலபம். எதை நீட்டினாலும் வைப்பார். "அத்தை, இந்த இன்சூரன்ஸ எடுத்துறலாமா?" என்று கேட்டால், "நீ சொன்னா சரிதான்யா" என்பார். நான் உண்மையிலேயே கேட்டேன், அப்படித்தான் சொன்னார். காகிதத்தைப் பொறுத்தவரை அது சம்மதம். ஆனால் அந்தச் "சரி"யில் அத்தை எதைத் தீர்மானித்தார்? பாலிசியைப் பற்றி அவர் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. என்னைப் பற்றித்தான் தீர்மானித்தார். இவன் கெடுதல் செய்யமாட்டான் என்று. ஒருவர் நம்மை நம்புவதும் ஒரு காரியத்துக்கு இணங்குவதும் வேறு வேறு. வயதானவர்களிடம் இந்த இரண்டும் ஒரே சொல்லில் வருவதால் நாம் குழப்பிக்கொள்கிறோம். சில சமயம் குழப்பிக்கொள்வது நமக்கு வசதியாகவும் இருக்கிறது.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் உதவும் என்று பார்த்தேன். மலேசியாவில் 1949ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டத்தின்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அதிகாரப் பத்திரம் செல்லாமல் போய்விடுகிறது. அதாவது, எப்போது அது மிகவும் தேவையோ அப்போது இருக்காது. அதற்குமேல் 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 5,800 ரிங்கிட்டுக்காக யார் உயர் நீதிமன்றம் போவார்கள்? ஆகவே பெருவிரல். சிங்கப்பூரில் நிலைமை மேல். அங்கே 2008ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னாளில் தனக்காக முடிவெடுப்பவரை எல்பிஏ என்னும் பத்திரம் மூலம் நியமித்து வைக்கலாம். அந்தச் சட்டத்தின் கொள்கைகள் எனக்குப் பிடித்தவை. ஒருவர் புத்திசாலித்தனமற்ற முடிவை எடுக்கிறார் என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக்கூடாது. அவரே முடிவெடுக்க உதவும் வழிகளை எல்லாம் முதலில் முயல வேண்டும். அவருக்காக நாம் முடிவெடுத்தே ஆக வேண்டும் என்றால், அவருடைய உரிமையைக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுங்கை சிப்புட்டில் இருப்பவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயமாக யோசிக்க ஒரு வழியைக் காட்டுகிறது. அதன்படி முதல் வேலை, அத்தையிடம் ஒழுங்காகக் கேட்பது. "சரண்டர்" என்ற சொல் அவருக்கு ஒன்றும் சொல்லாது. அவர் அந்த பாலிசியை வேறு பெயரில்தான் சொல்வார். "பெட்டிக் காசு."

மாமா 1992இல் இறந்தார். கையில் காசு இல்லை. தோட்டத்து ஆட்கள் துண்டை ஏந்தி வீடு வீடாக வசூல் செய்து பெட்டி வாங்கினார்கள். தோட்ட வாழ்க்கையில் அது ஒரு நல்ல வழக்கம். மரண சகாய நிதி இருந்த இடங்களில் அதிலிருந்து கொடுப்பார்கள், இல்லாத இடங்களில் துண்டு. யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் வாங்கிக்கொள்பவருக்கு அது வேறு மாதிரி. யார் வீட்டில் எவ்வளவு போட்டார்கள் என்பது அத்தைக்கு இன்றும் நினைவிருக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்துவிடும் அத்தை, 1992இல் துண்டில் விழுந்த காசைச் சொல்கிறார். அடுத்த ஆண்டே பாலிசி எடுத்தார்.

16,000 கட்டி 10,000 வாங்குவது நட்டம் இல்லையா என்று அவரிடமே ஒரு காலை நேரத்தில் கேட்டேன். "உண்டியல்ல போட்டா எடுத்துருவேன்யா. அரிசி இல்லன்னா எடுத்துருவேன். யாராச்சும் வந்து அழுதா குடுத்துருவேன். அந்தாளுகிட்ட குடுத்துட்டா எடுக்க முடியாதுல்ல" என்றார்.

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். நாங்கள் போட்ட கணக்கில் அத்தை ஒரு மோசமான சேமிப்புத் திட்டத்தில் மாட்டிக்கொண்டவர். அவருடைய கணக்கில் அவர் வாங்கியது சேமிப்புத் திட்டமே இல்லை, ஒரு பூட்டு. தன்னிடமிருந்தும், தன் இரக்கத்திடமிருந்தும், பசியிடமிருந்தும் தன் பெட்டியைக் காப்பாற்றும் பூட்டு. கூடுதலாகக் கட்டிய 6,000 ரிங்கிட் அந்தப் பூட்டுக்கான விலை. சரண்டர் பாரம் நம்மிடம் கேட்பது அந்தப் பூட்டின் சாவியை.

விவியானா ஸெலிஸர் என்ற சமூகவியலாளர் 1994இல் வெளிவந்த தம் நூலில் பணத்தின் சமூக அர்த்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பொருளியலுக்கு எல்லா வெள்ளியும் ஒரே வெள்ளி. குடும்பங்களுக்கு அப்படி இல்லை. அரிசிக் காசு வேறு, மொய்க் காசு வேறு, கோயில் காசு வேறு. அமெரிக்காவின் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் மற்ற செலவுகளுக்குத் திண்டாடும்போதும் அடக்கச் செலவுக்கான காப்புறுதியை விடாமல் கட்டியதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அநாதைப் பிணமாகப் போவது என்பது அவர்களுக்கு வாழ்நாள் முழுவதையும் அவமதிக்கும் முடிவாக இருந்தது. அவர்களுக்கு உதவ வந்தவர்களில் பலருக்கு அது ஊதாரித்தனமாகப் பட்டது. நம் வீட்டுப் பாட்டிகளின் முந்தானை முடிச்சுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு முடிச்சில் இருந்த காசு இன்னொன்றின் செலவுக்கு வராது.

ஆகவே அத்தைக்குத் தெரியவில்லை என்று சொல்லி நாம் தலையிட முடியாது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய "சுதந்திரம் பற்றி" நூலில் ஓர் உடைந்த பாலம் வருகிறது. பாலம் ஆபத்தானது என்று தெரியாமல் ஒருவர் ஏறப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை என்றால் அவரைப் பிடித்து இழுக்கலாம். அதில் சுதந்திரத்துக்கு இடைஞ்சல் இல்லை, ஏனென்றால் அவர் ஆற்றில் விழ விரும்பவில்லை. அத்தையின் விஷயத்தில் அந்த நியாயம் செல்லாது. அவருக்குப் பாலத்தின் நிலை தெரியும். தெரிந்தே 31 ஆண்டுகள் நடந்தார்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். பாலிசியைத் தொடாதே, அத்தையின் விருப்பத்தை மதி. ஆனால் அக்காவின் வாதத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

"நீ கேஎல்ல உக்காந்துகிட்டு மரியாதையப் பத்திப் பேசுற. இங்க அத்தைக்கு முதுகுல புண்ணு வந்துடும்னு ராத்திரி ரெண்டு தடவ எழுந்து திருப்பிப் போடுறேன். காத்து மெத்தை வாங்கணும்னு நர்ஸ் சொல்றாங்க. செத்ததுக்கு அப்புறம் பெட்டி நல்லா இருக்கணும்னு, உயிரோட இருக்கறப்ப புண்ணோட படுத்துருக்கணுமா?"

இதற்குப் பதில் சொல்வது சுலபம் இல்லை. தத்துவத்தில் இது ரோனால்ட் டுவொர்கினுக்கும் ரெபேக்கா டிரஸ்ஸருக்கும் இடையே நடந்த விவாதம். டுவொர்கின் 1993இல் வெளியிட்ட நூலில், மறதி நோய் வந்தவரின் முந்தைய தெளிவான விருப்பங்களுக்கே முதலிடம் என்றார். ஒரு வாழ்க்கைக்கு ஒரு வடிவம் உண்டு, அதை அமைத்தவர் பழைய மனிதர், கடைசிப் பக்கத்தையும் அவர் எழுதியபடியே விட வேண்டும். டிரஸ்ஸர் அதை மறுத்தார். இப்போது நம் முன்னால் இருப்பவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு வலிக்கிறது, சிரிக்கிறார், பசிக்கிறது. பழைய விருப்பத்தின் பெயரால் இந்த மனிதரின் இன்றைய நலனைத் தள்ளிவைப்பது என்ன நியாயம்?

இந்த விவாதத்தைப் படிக்கும்போது, யார் பக்கம் நிற்கிறோம் என்பது நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று எனக்குப் பட்டது. தூரத்தில் இருப்பவனுக்கு அத்தை என்றால் ஒரு வரலாறு. தோட்டம், பால்மரம், துண்டில் விழுந்த காசு. பக்கத்தில் இருப்பவருக்கு அத்தை என்றால் ஓர் உடம்பு. திருப்பிப் போட வேண்டிய, துடைத்துவிட வேண்டிய உடம்பு. இரண்டுமே அத்தைதான். ஆனால் வரலாற்றை மதிப்பதற்குச் செலவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கு இருக்கிறது. தூரத்தில் இருப்பவர்கள் கண்ணியத்தைப் பற்றி அதிகம் பேசுவது அதனால்கூட இருக்கலாம்.

இன்னொரு சிக்கலையும் மறைக்கக்கூடாது. பாலிசியில் நோமினி என் பெயர். சரண்டர் செய்தால் பணம் அத்தைக்கு, அதாவது அக்கா செய்யும் பராமரிப்புக்கு. விட்டுவைத்தால் நாளை காசோலை என் பெயருக்கு வரும். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் இதில் நுணுக்கமாக இருக்கிறது. முஸ்லிம் அல்லாத ஒருவர் தன் கணவரையோ மனைவியையோ பிள்ளையையோ நோமினி ஆக்கினால் அந்தப் பணம் அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிறது. அண்ணன் மகனை ஆக்கினால் அப்படி இல்லை. அவன் அதைப் பெற்றுக்கொண்டு முறைப்படி கொடுக்க வேண்டிய நிறைவேற்றுநர் மட்டும்தான். பணம் அவனுடையது ஆகிவிடாது. நோமினி என்ற முறையில் எனக்கு அதில் ஒரு காசு லாபம் இல்லை. ஆனாலும், "அத்தையின் விருப்பம்" என்று நான் வாதாடும்போது அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தேகம் இருந்தது. அது நியாயமான சந்தேகம். சார்பில் முடிவெடுப்பவரின் மனம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர்கள் கேள்வி கேட்கும்படி அவர் திறந்தும் இருக்க வேண்டும். யாருக்கு எதில் லாபம், யார் மேல் எவ்வளவு பாரம் என்பதை முதலில் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பெரியவரின் நன்மையைப் பற்றிப் பேச வேண்டும். நம் குடும்பங்களில் இதைப் பேசுவது மரியாதைக்குறைவு. பேசாமல் இருப்பதால்தான் பல வீடுகளில் கருமக்கிரியை முடிந்ததும் சண்டை தொடங்குகிறது.

அக்காவும் நானும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அத்தையிடம் மூன்று வெவ்வேறு காலைகளில் கேட்பது. இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும்போது மட்டும் கேட்பது. "எடுத்துறலாமா" என்று கேட்டால் அவர் சரி என்பார், ஆகவே அப்படிக் கேட்கக்கூடாது. "பெட்டிக் காசு இருக்கே அத்தை, அத என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்பது.

முதல் நாள், "அது என் காரியத்துக்கு" என்றார். இரண்டாம் நாள் பேச்சு எங்கெங்கோ போனது, மாமாவைத் தேடினார், விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் காலை, பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா கேட்டார். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இத்தன வருசம் கட்டியாச்சு. இனிமே கட்ட வேணாம். நீங்களும் எவ்வளவுதான் பாப்பீங்க. ஆனா இருக்கறதுல கை வைக்காதீங்க."

முகவர் கொடுத்த பாரத்தில் இதற்கு ஒரு கட்டம் இருந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை, முகவரும் சொல்லவில்லை. பெய்ட்-அப் என்று பெயர். அதற்குமேல் பிரீமியம் கட்டத் தேவையில்லை. காப்புத்தொகை குறையும், ஆனால் பாலிசி உயிரோடு இருக்கும். அத்தைக்கு அது 7,900 ரிங்கிட் என்று வந்தது. சரண்டரோ தொடர்ந்து கட்டுவதோ என்ற இரண்டே வழிகளில் நாங்கள் மோதிக்கொண்டிருந்தபோது, நினைவு தப்பிக்கொண்டிருந்த ஒருவர் மூன்றாவது வழியைச் சொன்னார். அவர் பாரத்தைப் படிக்கவில்லை. ஆனால் அந்தக் காசு எதற்கு என்பது எங்களைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அன்று அவர் வைத்த பெருவிரல் ரேகையை நான் சம்மதம் என்று சொல்வேன்.

இதிலிருந்து பெரிய விதி எதையும் நான் எடுக்க விரும்பவில்லை. அத்தை மூன்றாம் நாளும் மாமாவையே தேடியிருந்தால்? அப்போதும் நாங்கள் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படி ஆகியிருந்தாலும் பெய்ட்-அப்தான் சரி என்று நினைக்கிறேன். காரணம், அதில் திரும்ப முடியாத இழப்பு குறைவு. பாலிசி உயிரோடு இருந்தால், நாளை நிலைமை முற்றினால் அப்போதும் சரண்டர் செய்யலாம். சரண்டர் செய்துவிட்டால் 77 வயதில் அந்த பாலிசியை மறுபடி யாரும் தரப்போவதில்லை. இன்னொருவருக்காக முடிவெடுக்கும்போது, நம் கணிப்பு தவறாக இருக்கலாம் என்பதற்கு இடம் வைத்து முடிவெடுக்க வேண்டும். நம் சொந்த விஷயத்தில் துணிந்து இறங்கலாம். விளைவை நாமே அனுபவிப்போம். அடுத்தவர் காசில் அந்தத் துணிச்சல் நமக்குச் சொந்தமானது அல்ல.

இதைப் படிப்பவர்களில் பலருக்குப் பெற்றோர் இன்னும் தெளிவோடு இருப்பார்கள். அவர்களிடம் எவ்வளவு இருக்கிறது, எந்த வங்கியில் இருக்கிறது, நோமினி யார் என்று கேட்கத்தான் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதையும் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், "இந்தக் காசு எதுக்கும்மா?" என்று கேட்டு வையுங்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரியாமல் ஒருவர் சார்பில் கையெழுத்துப் போட்டால், போடுவது நம் சார்பில்தான்.

காற்று மெத்தைக்கு வருகிறேன். பெய்ட்-அப் செய்ததால் உடனே கையில் காசு வரவில்லை, மாதம் 43 ரிங்கிட் மிச்சம், அவ்வளவுதான். அக்கா எழுப்பிய கேள்வி அப்படியே நின்றது. அதை அத்தையின் பெட்டிக் காசிலிருந்து தீர்க்கக்கூடாது என்று வாதாடியவன் நான். அப்படி வாதாடினால் அந்த மெத்தையின் விலை என் கணக்கில்தான் வர வேண்டும். வந்தது. அனுப்பும் பணத்தையும் கூட்டியிருக்கிறேன். இதைச் சொல்வது பெருமைக்கு இல்லை. ஒருவருடைய கண்ணியத்துக்காக வாதாடுபவர் அதன் செலவில் தன் பங்கையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதற்காக. இல்லையென்றால் அந்தச் செலவை அக்காவைப் போன்ற யாரோ ஒருவர், தூக்கத்தையும் தையல் வேலையையும் கொடுத்து, பேசாமல் கட்டிக்கொண்டிருப்பார். அதற்கு ரசீதும் கிடையாது, நோமினியும் கிடையாது.